எலும்பு சேரலையா? இடுப்பெலும்பு, மஜ்ஜை, ரத்தம்: எது தேறும்?

கால் உடைஞ்சு ப்ளேட்டும் வச்சாச்சு, மாசக்கணக்கா ஆகியும் எக்ஸ்ரேல அந்த முறிவுக் கோடு மறையல, டாக்டர் நான்-யூனியன்ங்கறார், அதாவது எலும்பு ஒட்டாம நின்னுடுச்சாம். இனி அங்க எலும்பு கட்டற செல்லைக் கொண்டு போகணும். எங்கேர்ந்து எடுக்கறது?

பழைய வழி, இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து வைக்கறது. செல்லு, அது பிடிச்சு வளர ஒரு சட்டகம், வளரச் சொல்ற புரதம் மூணும் சேர்ந்தே வருது, அதான் இன்னிக்கும் இதுக்கு முதல் மரியாதை. ஆனா எடுத்த இடம் வலிக்கும், சிலருக்கு மாசக்கணக்குல.

அடுத்தது மஜ்ஜை, எலும்புக்குள்ள இருக்கற மெத்துன்னு ஒண்ணு. இடுப்புல ஊசி போட்டு உறிஞ்சி, செறிவாக்கி, முறிவுல செலுத்தறது. பிரான்ஸ்ல டாக்டர் எர்னிகூ டீம் 60 பேருக்கு கீழ்க்கால் எலும்புல இதைப் பண்ணி 2005ல ரிசல்ட் போட்டாங்க, 53 பேருக்கு சேந்துடுச்சு, சேராத 7 பேருக்கும் உள்ள போன செல்லு கம்மி. அதாவது ஊசி போட்டா மட்டும் போதாது, எத்தனை செல்லு போச்சுங்கறதுதான் விஷயம்.

மூணாவது ரத்தம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதே 2005ல அமெரிக்காவோட மயோ கிளினிக்ல சுந்தீப் கோஸ்லா டீம், எலும்பு கட்டற செல்லு சாதாரண ரத்தத்துலயே ஓடுதுன்னு காட்டுனாங்க. அதுவரைக்கும் லேப்ல பிளாஸ்டிக் தட்டுல ஒட்டற செல்லை மட்டும்தான் எண்ணிட்டிருந்தாங்க, இது ஒட்டாத ரகம், அதான் கண்ணுலயே படல. இவங்க ஆஸ்டியோகால்சின்ங்கற புரதத்தை அடையாளமா வச்சு ஃப்ளோ சைட்டோமெட்ரில, அதாவது செல்லை ஒவ்வொண்ணா லேசர்ல ஓட விட்டு எண்ற மெஷின்ல தேடுனாங்க. கிடுகிடுன்னு வளர்ற வயசுப் பசங்களுக்கு பெரியவங்களை விட அஞ்சு மடங்குக்கு மேல இருந்துச்சு, எலும்பு முறிஞ்சவங்களுக்கும் ஏறுச்சு, எலிக்குள்ள வச்சப்ப எலும்பாவே ஆச்சு.

அப்போ கையில ரத்தம் எடுத்தா முடிஞ்சுதா? இல்லைங்க. மஜ்ஜைக்குச் சொல்ல முடியற மாதிரி, இத்தனை செல்லு போட்டா இத்தனை பேருக்கு சேரும்னு சொல்ற அளவுக்கு இது இன்னும் வரல. இன்னொரு பயமும் இருக்கு. எஃப்ஓபின்னு ஒரு அரிய நோய், தசையே எலும்பா மாறிடும். அந்த நோயாளிகள்ல புதுசா எலும்பு முளைக்கற சமயத்துல ரத்தத்துல இந்த மாதிரி செல்லு அதிகமா இருக்குன்னு 2009ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி ஆளுங்க காட்டுனாங்க. இந்த செல்லு தப்பான எடத்துல போய் உக்காந்தா என்னாகும்னு யோசிங்க.

அதனால வைத்தியம்னா இன்னிக்கு என் ஓட்டு இடுப்பெலும்புக்கும் மஜ்ஜைக்கும்தான். ரத்தத்துல ஓடற செல்லை டெஸ்டா கொண்டு வரலாம்னு எனக்குத் தோணுது, முறிவுக்கப்புறம் ஏறுதா இல்லையான்னு ஆரம்பத்துலயே பாத்துட்டா, சேராத காலோட எக்ஸ்ரேக்கு மேல எக்ஸ்ரே எடுத்து மாசக்கணக்கா காத்திருக்க வேண்டியதில்ல.