எலக்ட்ரிக் ஆயில் பிரஷர் மீட்டர்: மதுரை வெயிலில் நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

நம்மூரில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஆயிலுக்கென்று இருப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அதன் ஸ்விட்ச் சுமார் 0.3 முதல் 0.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) வரை பிரஷர் இறங்கினால்தான் விளக்கைப் போடும். அதாவது 1.5 பார் இருந்த இடத்தில் 0.7 பார் ஆனாலும் டேஷ்போர்டு வாயே திறக்காது. தனியாக ஒரு மீட்டர் மாட்டுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மீட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மெல்லிய குழாய் வழியாக ஆயிலே டேஷ்போர்டு வரை வரும். குழாய் விரிசல் விட்டால் சூடான ஆயில் காலில் கொட்டும், அது வேண்டாம். என்ஜினில் சென்டர் (sender, பிரஷரை மின் சிக்னலாக அனுப்பும் பாகம்) மாட்டி, ஒயர் மட்டும் உள்ளே கொண்டுவரும் எலக்ட்ரிக் வகைதான் வீட்டுக் காருக்குச் சரி. ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் மூன்று வாய் உள்ள டி-பீஸ் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கைக் கழற்றிவிடாதீர்கள். மரையை முதலில் பாருங்கள். பல ஜப்பானிய என்ஜின்களில் 1/8 பி.எஸ்.பி.டி. என்ற அளவு மரை, அங்குலத்துக்கு 28 இழை. கடையில் கிடைக்கும் சென்டர் பலவும் 1/8 என்.பி.டி. என்ற வேறு அளவு, 27 இழை. கையால் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை போய்விடும். ஒற்றை ஒயர் சென்டருக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும்; அதில் டெஃப்லான் டேப்பை மரை முழுக்கச் சுற்றினால் எர்த் கெட்டு முள் தாறுமாறாகக் காட்டும். பம்ப் போய்விட்டது என்று பட்டறையில் பயமுறுத்தும் கேஸ்களில் சில இவ்வளவுதான்.

ஆயில் மாற்றியதும் முதல் ஸ்டார்ட்டில் முள் சில விநாடி பூஜ்யத்தில் நிற்கும். ஃபில்டர் காலியாக இருக்கிறது, அது நிரம்ப வேண்டும். ஃபில்டர் வாய் மேல்நோக்கி நிற்கும் என்ஜின் என்றால் மாட்டும் முன்பே முக்கால்வாசி ஊற்றிவிடலாம். இந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது. பத்து விநாடி தாண்டியும் ஏறவில்லை என்றால் ஆஃப் செய்துவிட்டு, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதா, ஆயில் கீழே வழிகிறதா என்று பாருங்கள். மாற்றிய அன்று மட்டுமல்ல, தினமும் காலையில் தாமதமாக ஏறினால் ஃபில்டருக்குள் ஆயிலைத் தேக்கி வைக்கும் வால்வு சரியில்லை; மலிவு ஃபில்டரில் இது சகஜம்.

ஆயில் மாற்றிய பிறகு வரும் பெரிய குழப்பம், “முன்னால இருந்ததைவிடக் குறையுதே” என்பது. இதுவரை கெட்டியான 20W-50 ஆயிலில் ஓடிய வண்டியில் கையேட்டில் உள்ள மெல்லிய 5W-30 ஊற்றினால் குறையத்தான் செய்யும். பின்னால் வரும் எண்தான் சூட்டில் கிரேடு: 100 டிகிரியில் 30 கிரேடின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 50 கிரேடுக்கு 16.3-லிருந்துதான் தொடக்கம். பிரஷர் என்பது ஆயில் ஓட்டத்துக்கு வரும் தடை. கெட்டி ஆயில் முள்ளை ஏற்றும், அதனால் பேரிங்குக்கு அதிக ஆயில் போகிறது என்று அர்த்தமில்லை. முள் உயரமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் எங்களுக்கு ஒப்புதல் இல்லை.

காலைக் குளிர் ஸ்டார்ட்டில் 4, 5 பார் வரை போவது சாதாரணம், அதற்கு மேல் போனால் கூடுதல் பிரஷரைத் தணிக்கும் ரிலீஃப் வால்வு திறந்துவிடும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) வரும் பிரஷர். சித்திரை, வைகாசியில் காளவாசல், கோரிப்பாளையம் நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது 1 பாருக்குச் சற்று மேலே நின்றால் பெரும்பாலான சிறிய என்ஜின்களுக்குக் கவலையில்லை. ஓட்டத்தில் 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ., அதாவது 0.7 பார், என்பது பழைய கணக்கு. தேவைக்கேற்ப பிரஷரை மாற்றும் இரண்டு நிலை பம்ப் உள்ள புது என்ஜின்களில் இந்தக் கணக்கு செல்லாது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது இரண்டாவது கியரில் ஆயில் கடுமையாகச் சூடாகும். அதன் பின் ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கி, ஆறியதும் பழைய இடத்துக்கு வரும். புது ஆயிலில் 500 கிலோமீட்டர் ஓடியதும் சூடான ஐடில், 2000 ஆர்.பி.எம். இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த சர்வீஸ் வரை ஒப்பிட அதுவே அளவுகோல்.

ஒரே ஆயிலில் எண் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுங்கள். அளவு குறைந்திருந்தால் பதில் எளிது. டீசல் வண்டியில் அளவு கூடியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், ஆயிலில் டீசல் கலக்கிறது. பி.எஸ்.6 வண்டியில் குறுகிய தூரமே ஓட்டி டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) ரீஜெனரேஷன், அதாவது சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கும் வேலை, பாதியில் நின்றுபோவது இதற்கு வழக்கமான காரணம். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், முள் நடுங்கும்; கூடுதலை எடுத்துவிடுவது தவிர வழியில்லை.

மீட்டரைப் பொறுத்தவரை குறை ஒன்றுதான். என்ஜின் சூட்டில் சென்டர் நாளடைவில் பழுதாகும். முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சிவப்பு விளக்கு எரியாமல், சத்தமும் மாறாமல் இருந்தால் முதல் சந்தேகம் சென்டர் மேல். ஓரங்கட்டி டிப்ஸ்டிக் பார்த்துவிட்டு, அந்த மரையில் சாதா மெக்கானிக்கல் கேஜ் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விளக்கும் சேர்ந்து எரிந்தால் பட்டறை அரை கிலோமீட்டரில் இருந்தாலும் ஓட்டிப் போகாதீர்கள், அங்கேயே ஆஃப் செய்து டோ வண்டிக்குச் சொல்லுங்கள்.