பழைய பேருந்தின் காற்றுக் கசிவு: சங்ககிரிப் பட்டறை ஒன்றில் இரண்டு நாட்கள்

எங்கள் பேருந்து 2010ஆம் ஆண்டு மாடல். வார நாட்களில் நம்பியூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணாரிக்கோ பழனிக்கோ வாடகைக்குப் போகும். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் உள்ள வண்டி இது; கடந்த ஓராண்டாக அதன் பிரேக் டேங்குகளில் காற்று நிற்கவில்லை. இரவு வண்டியை நிறுத்தும்போது காற்றழுத்தம் 8 பார் என்று காட்டிய கேஜ் முள், விடியற்காலை 5 மணிக்குச் சாவியைத் திருப்பும்போது பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். கம்ப்ரசர் டேங்குகளை மீண்டும் நிரப்பி, பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் விடுபடும் வரை ஓட்டுநர் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருப்பார். வண்டி நகராமல் நிற்பது பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். காற்றுதான் அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கிறது, காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முதல் நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண்களுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம் அரை நேரச் சம்பளம்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் மூன்று முறை வேலை பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கசிகிற நட்டைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, பெரிய ஸ்பேனரால் இறுக்கி அனுப்பினார்கள். இரண்டு வாரம் தாங்கும். பிறகு அதே இடத்திலோ பக்கத்து யூனியனிலோ (குழாய் இணைப்பிலோ) சீறல் கேட்கும். மூன்றாம் முறைக்குப் பிறகுதான், லாரி வைத்திருக்கும் உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, பவானி, குமாரபாளையம் வழியாகச் சங்ககிரிக்கு வண்டியைக் கொண்டுபோனேன். நாமக்கல்லில் லாரி பாடி, கரூரில் பேருந்து பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி என்று தொழில் பிரிந்து வளர்ந்த இந்தப் பகுதியில், ஏர் பிரேக் வேலையை மட்டுமே செய்து பிழைக்கும் சிறு பட்டறைகளும் உண்டு. நான் போனது அப்படிப்பட்ட ஒன்று. விளம்பரம் வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. வேலையை மட்டும் எழுதுகிறேன்.

வண்டி உள்ளே போனதும் அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. டேங்குகளை முழுமையாக நிரப்பச் சொல்லி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் கேஜைப் பார்த்தார். பிறகு கால் பிரேக்கை முழுதும் அழுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து மீண்டும் பார்த்தார். முதல் சோதனையில் முள் மெதுவாகத்தான் இறங்கியது. இரண்டாவதில், பின்பக்கச் சர்க்கியூட்டின் முள் இரண்டே நிமிடத்தில் ஒரு பார் இறங்கியது. அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர் தேர்வில், தனி வண்டிக்கு எஞ்சின் நின்று பிரேக் அழுத்திய நிலையில் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல், அதாவது ஏறத்தாழ 0.2 பாருக்கு மேல், இறங்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இழந்துகொண்டிருந்தது. இந்த ஒரு சோதனையிலேயே கோளாறு இரண்டு வகை என்பது தெரிந்துவிட்டது: பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் கசியும் குழாய் இணைப்புகள் ஒன்று, மிதிக்கும்போது மட்டும் காற்று ஏறுகிற பின்பக்கப் பாதையில் இருக்கும் கோளாறு மற்றொன்று. முன்பு போன இடத்தில் யாரும் இந்த வேறுபாட்டைப் பார்க்கவே இல்லை.

அடுத்து சோப்புத் தண்ணீர். கெட்டியாகக் கரைத்த சோப்பைப் பெயின்ட் பிரஷ்ஷில் தோய்த்து, வண்டிக்கு அடியில் படுத்தபடி ஒவ்வொரு யூனியனாகத் தடவிக்கொண்டே போனார். பெரிய கசிவு குமிழியை ஊதித் தெறிக்கவிடும், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டியதில்லை. இரண்டாம் டேங்கின் முழங்கை யூனியனில் தடவிவிட்டு டார்ச்சை அடித்தபடி ஒரு நிமிடம் காத்திருந்து, பால் பொங்குவதற்குச் சற்று முன் ஓரத்தில் திரளும் நுரையைப் போல வெள்ளையாக ஒரு சிறு வளையம் எழுவதை என்னை அழைத்துக் காட்டினார். காதுக்கு எட்டாத அந்தக் கசிவுதான் இரவு முழுவதும் டேங்கைக் காலிசெய்திருக்கிறது. இப்படி எண்ணியபோது பதினொரு இடங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறியிட்டார்.

அவற்றில் ஒரு நட்டைக் கழற்றி, நைலான் குழாயின் முனையை வெட்டி என் கையில் கொடுத்தார். ஃபெருல் என்னும் பித்தளை வளையம் இருந்த இடத்தில் குழாய் இடுப்பு ஒடுங்கியதுபோல் நெரிந்திருந்தது. அந்த ஒடுக்கத்தின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. "முறுக்க முறுக்கக் குழாய் நெரியுமுங்க, காத்து நிக்காது" என்றார். விளக்கம் எளிமையானது. இந்த வகை இணைப்பில் காற்றைத் தடுப்பது மரை அல்ல. நட்டு இறுகும்போது ஃபெருல் குழாயைக் கவ்விப் பிடித்து, யூனியனின் சரிவான வாயில் அமர்வதுதான் அடைப்பு. ஆகவே நட்டின் மரையில் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை. குழாய் நெரியாமல் தாங்க அதன் உள்ளே செருக வேண்டிய புஷ் என்னும் சிறிய பித்தளை உட்குழல் எங்கள் வண்டியில் பாதி இடங்களில் இல்லவே இல்லை. அது இல்லாமல் இறுக்கினால் நைலான் உள்நோக்கி ஒடுங்குமே தவிர ஃபெருலுக்குப் பிடிமானம் கிடைக்காது.

டேப்பால் பயன் இல்லை என்பதோடு போகவில்லை, கேடும் விளைந்திருந்தது. பின் அச்சுக்கு மேலே, பின்சக்கர பிரேக்குகளுக்குக் காற்றை அனுப்பவும் வெளியேற்றவும் உள்ள ரிலே வால்வைப் பிரித்தபோது, அதன் ரப்பர் இருக்கையில் வெள்ளை டேப்பின் நூல் நூலான துணுக்குகள் ஒட்டியிருந்தன. வால்வு முழுதாக மூடாததால்தான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வெளியேற்றுத் துவாரம் வழியாகக் காற்று போயிருக்கிறது. ஐம்பது பேர் உட்கார்ந்த வண்டியில், மலைப்பாதையில் இது நடந்திருந்தால் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரி வாடகைக்கு வந்தவர்கள் மேலே தாளவாடி வரை போகச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள், நல்லவேளையாக மறுத்தோம்.

வேலை இரண்டு நாள் நடந்தது. வெடித்த முனையை மட்டும் வெட்டிவிட்டு மீதிக் குழாயை இழுத்து மாட்டுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை; விறைப்பாக இழுக்கப்பட்ட குழாய் சாசி (வண்டியின் அடிச்சட்டம்) அதிர்வில் மறுபடியும் யூனியன் வாயில்தான் வெடிக்கும் என்றார். பின்பாதிக் குழாய்கள் முழுவதும் புதிதாக வந்தன. ஹாக்சா பிளேடு நேராக வெட்டாது, முனையில் பிசிறு விடும் என்பதால் குழாய் வெட்டுவதற்கென்றே உள்ள கட்டரைப் பயன்படுத்தினார். பழைய ஃபெருல் ஒன்றைக்கூட மறுபடி போடவில்லை. டேங்கில் ஏறும் யூனியன்களுக்குப் புதிய வாஷர். சாசியில் உரசும் இடங்களில் ரப்பர் உறை, தளராமல் இருக்கக் கிளிப்புகள். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் குழாய் கடும் சூடாகும் என்பதால் அங்கே இரும்புக் குழாய், அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் சக்கரப் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் என்று இடமறிந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் நைலானை இழுத்துவிடவில்லை. கையால் அழுத்திச் செருகும் புதுவகைக் கனெக்டர்களைப் போடலாமா என்று நான் கேட்டதற்கு, அவற்றின் உள்ளே இருக்கும் ஓ ரிங் என்னும் ரப்பர் வளையத்துக்குக் கீறலற்ற வெளிப்பரப்பு வேண்டும், முன்பாதியில் இன்னும் பழைய குழாய்கள் இருக்கும்போது இரண்டு வகையையும் கலக்க வேண்டாம் என்றார். அது சரியான அறிவுரை என்றே நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரிலே வால்வுக்கான ரிப்பேர் கிட் கையிருப்பில் இல்லை. நாமக்கல்லிலிருந்து வரவழைத்ததில் அரை நாள் போனது, அதை முன்பே சொல்லியிருந்தால் மாற்று வண்டி பிடித்திருப்பேன். ஓட்டுநர் உட்கார நிழல் இல்லை. பில்லை முதலில் மொத்தத் தொகையாகத்தான் எழுதினார். கேட்ட பிறகே குழாய், யூனியன், கூலி என்று பிரித்துக் கொடுத்தார். 8 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டியிருக்கையில், என்ன மாற்றினோம் என்ற கணக்கு உரிமையாளர் கையில் இருப்பது அவசியம். மொத்தம் 7,400 ரூபாய் ஆனது. முந்தைய மூன்று முறைக்குக் கொடுத்ததைக் கூட்டினால் இதைவிட அதிகம்.

கிளம்பும் முன் டேங்கின் அடியில் உள்ள டிரெயின் வால்வைத் திறந்து, மோர் நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வடிவதைக் காட்டினார். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கேட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது, கம்ப்ரசர் ரிங்கையும் பார்க்க வேண்டும், ஆனால் அதை இன்றே செய்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார். கேட்ரிட்ஜை மறுவாரமே மாற்றிவிட்டேன். கம்ப்ரசர் வேலை தைப் பொங்கல் விடுமுறைக்கு என்று வைத்திருக்கிறோம்.

வண்டி திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. ஓட்டுநரிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, தினமும் விடியற்காலை எஞ்சினைப் போடும் முன் முள் எங்கே நிற்கிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆறு வாரத்தில் 6 பாருக்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை.