மேடு பள்ளத் தரைக்கு செல்ஃப் லெவலிங் காம்பவுண்ட்: காசுக்குப் பெறுமா?

பழைய அபார்ட்மென்ட், மொசைக் தரை. அதன் மேல் எஸ்பிசி பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த தரைப் பலகை) போடுவதற்கு முன்னால், தரையைச் சமமாக்க படுக்கையறையில் இந்த காம்பவுண்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றினோம். பலகையைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அடியில் போகிற இந்தச் சிமென்ட் மாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில், உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். மேஸ்திரி வைத்திருக்கும் ஆறடி அலுமினியப் பட்டியைத் தரையில் நிறுத்தி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் பள்ளம் இருக்கிற இடமெல்லாம் வெளிச்சம் கசியும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால், ஓரத்தை ஓரத்தில் மாட்டிப் போடும் இந்த கிளிக் லாக் பலகைக்கு ஆகாது, நடக்க நடக்க அமுங்கி எழுந்து லாக் ஒடிந்துவிடும். "கனமா ஃபோம் ஷீட் போட்டா சரியாயிடும் சார்" என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள், மெத்தென்று இருந்தால் லாக் இன்னும் சீக்கிரம் போகும். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கவில்லையே என்றும் பதற வேண்டாம். அறை முழுக்க ஒரே சீராக லேசாகச் சாய்ந்திருந்தால் பலகைக்கு ஒன்றும் ஆகாது.

சரி, பொருளுக்கு வருவோம். கூழ் மாதிரி ஓடுகிறது, காய்ந்தால் வழவழப்பாக, கெட்டியாக நிற்கிறது. சாதாரண சிமென்ட் மணல் பூச்சை நாலைந்து மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் பொரிந்துவிடும், இது அப்படியில்லை. ஆனால் கொட்டிவிட்டால் தானாகவே பரவிக்கொள்ளும் என்பது பாதிதான் உண்மை. கரண்டியால் இழுத்துவிட வேண்டும், முள் ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழியை எடுக்க வேண்டும், அதெல்லாம் சுமார் இருபது நிமிடத்துக்குள். ஒருவர் கலக்க, ஒருவர் ஊற்ற என்று கை நிற்காமல் போக வேண்டும், முதல் பக்கெட் இறுகிய பிறகு அடுத்ததை ஊற்றினால் இணைப்பில் வரப்பு விழும்.

எரிச்சல் என்னவென்றால், நம் ஆட்களுக்குத் தண்ணீர் அளக்கும் பழக்கம் கிடையாது. "கொஞ்சம் ஊத்தினா நல்லா ஓடும்" என்று மக்கோடு வந்துவிடுகிறார்கள். மூட்டையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால் மணல் அடியில் தங்கி, மேலே சுண்ணாம்பு போலப் பொடி உதிரும், அதன்மேல் எதுவும் ஒட்டாது. பக்கத்திலேயே நில்லுங்கள். ஊற்றும் முன் தரையில் பூசும் பிரைமர் விஷயத்திலும் கண் வையுங்கள், அதை விட்டுவிட்டால் பாலிஷ் போட்ட மொசைக்கில் பிடிப்பே இருக்காது. தரையைத் தட்டிப் பார்த்து பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை முன்பே பெயர்த்துவிடுங்கள்.

கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 1.7 கிலோ. 120 சதுர அடி அறையில் சராசரி ஐந்து மில்லிமீட்டருக்கு 25 கிலோ மூட்டை நாலு ஆகும், மலிவில்லை. மேடு கொஞ்சம்தான் என்றால் கிரைண்டரால் தேய்த்துவிட்டே பாதி மூட்டையை மிச்சம் பிடிக்கலாம். பால்கனி, குளியலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தண்ணீர் வாட்டம் போய்விடும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வாங்கும்போது மூட்டையில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், பழைய சரக்கு கட்டி தட்டியிருக்கும். அப்புறம் தரை உயர்வதால் கதவு அடியில் இடிக்கும், ஆசாரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.