உப்சியா, ஐபிஜியா? இசை ஆசிரியராக நினைக்கும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இசை தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. தேவாரப் போட்டி, கோயில் பஜனை, உறுமி மேளக் குழு, கல்யாண மண்டபத்தில் கீபோர்டு என்று எதிலாவது பழக்கம் இருக்கும். அவர்களில் ஒருவர் பள்ளியில் இசை ஆசிரியராகப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி, "அதுக்கெல்லாம் டிகிரி இருக்கா?"

இருக்கிறது. அரசாங்கப் பள்ளிக்கு நேராகக் கொண்டுபோய் விடும் வழிகள் இரண்டு. ஒன்று ஆசிரியர் கல்விக் கழகம், அதாவது ஐபிஜி. இன்னொன்று தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், உப்சி. மற்றவை எல்லாம் சுற்றுவழிதான்.

இந்த இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் தெரியாமலேயே பலர் விண்ணப்பம் போடுகிறார்கள். ஐபிஜி தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர்களைத் தயார் செய்கிறது. உப்சியின் இசைக்கல்விப் பட்டம் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியை நோக்கியது. தமிழ்ப்பள்ளியில்தான் வேலை செய்வேன் என்பவரும், எந்தப் பள்ளியானாலும் சரி, இசையோடு இருந்தால் போதும் என்பவரும் ஒரே பாரத்தை நிரப்புவதில் அர்த்தமில்லை.

ஐபிஜிக்கு எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவத் தேர்வு, முடித்த கையோடு போகலாம். குறைந்தது ஐந்து ஏ கேட்பார்கள், மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும், அப்புறம் நேர்முகத் தேர்வு. சேர்ந்த பிறகு ஓராண்டு முன்னேற்பாட்டு வகுப்பு, நான்காண்டு பட்டப்படிப்பு. படிப்புக் கட்டணம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். செம்பனைத் தோட்டத்துச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. நாடு முழுக்க 27 வளாகங்கள் இருக்கின்றன. ஈப்போ வளாகம் நமக்குப் பக்கத்திலேயே, உலு கிந்தாவில் இருக்கிறது. ஆனால் எந்த வளாகம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வீட்டிலிருந்து போய்வரலாம் என்ற கணக்கோடு விண்ணப்பிக்க வேண்டாம்.

உப்சிக்கு எஸ்பிஎம் மட்டும் போதாது. எஸ்டிபிஎம் என்னும் ஆறாம் படிவத் தேர்வு, மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழக முன்வகுப்பு, டிப்ளோமா என்று ஏதாவது ஒரு படி ஏறியாக வேண்டும். அதற்குப் பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யுபியு வழியாக விண்ணப்பம், மெட்சி என்னும் ஆசிரியர் தேர்வுச் சோதனை, நேர்முகம். இசைக்குக் கூடுதலாக, வாத்தியம் வாசித்தோ பாடியோ காட்ட வேண்டும். படிப்பு நான்காண்டு. ஆறாம் படிவம் வழியாகப் போனால் மொத்தக் காலத்தில் ஐபிஜியைவிட ஓராண்டுக்குள்தான் கூடும். செலவில்தான் இடைவெளி பெரிது. உப்சி அரசாங்கப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் குறைவு என்றாலும், பலர் அரசாங்க உயர்கல்வி நிதியான பிடிபிடிஎன்னில் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகு அதைக் கட்ட வேண்டும்.

எஸ்டிபிஎம்மில் இன்னொரு சங்கடம் உண்டு. ஓவியம் அங்கே ஒரு பாடம், இசை இல்லை. அந்த ஒன்றரை ஆண்டும் வாத்தியத்தை விடாமல் பிடித்திருப்பது முழுக்க மாணவரின் பொறுப்பு. பொருளியல், வரலாறு என்று புத்தகத்தில் மூழ்கி, நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது விரல் துருப்பிடித்துப் போனவர்கள் உண்டு.

இனி படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால், இசைக்காகப் போகிறவருக்கு உப்சிதான். 1922இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான இடம் அது. இசைக்கென்று தனிப் புலமே இருக்கிறது. முதன்மை வாத்தியம், இசைக் கோட்பாடு, செவிப் பயிற்சி, இசை வரலாறு, குழு இசை, காமெலான் என்னும் மலாய், ஜாவானிய வாத்தியக் குழு என்று நான்கு வருடமும் இசைக்காரர்களோடுதான் புழங்க வேண்டியிருக்கும். ஐபிஜியில் இசை முதன்மைப் பாடமாக இருந்தாலும், ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு வேண்டிய மற்ற எல்லாமும் சேர்ந்தே வரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தொடக்கப்பள்ளி இசை வகுப்பில் பாட்டு, தாளக் கருவிகள், படிநிலை இரண்டுக்கு, அதாவது நான்காம் ஆண்டுக்கு, வந்தால் ரெக்கார்டர் என்னும் ஊதுகுழல். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ரெக்கார்டரை ஊதும்போது வகுப்பைக் கட்டி நிறுத்தத் தெரிந்தவர்தான் அங்கே நல்ல ஆசிரியர்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் நிலவரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 150 பேருக்குக் குறைவான பள்ளிகள் நம்மிடம் நிறைய. அப்படிப்பட்ட பள்ளியில் இசைக்கு மட்டும் ஓர் ஆசிரியர் என்பது கனவு. இசை படித்தவர் கணிதமும் எடுப்பார், நன்னெறியும் எடுப்பார், விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். ஐபிஜி பயிற்சி அதற்குத் தோதானது. இன்னொன்று: தமிழ்ப்பள்ளிப் பிரிவில் எந்தெந்தப் பாடங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். இசை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டே பாரத்தை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மலாய்வழித் தேசியப்பள்ளிப் பிரிவில் இசையா, தமிழ்ப்பள்ளிப் பிரிவில் வேறு பாடமா என்று தேர்ந்தெடுக்க நேரிடும்.

வேலை எங்கே கிடைக்கும் என்பதிலும் இதே பிரிவு விளையாடுகிறது. சபா, சரவாக்கில் தமிழ்ப்பள்ளி கிடையாது. தமிழ்ப்பள்ளிப் பிரிவில் படித்தவர் தீபகற்பத்துக்குள்தான் சுற்றுவார். உப்சியில் இசை படித்தவரைச் சரவாக்கின் உள்பகுதிக்கும் அனுப்பலாம். அது போக, இடைநிலைப்பள்ளிகளில் ஓவியமா இசையா என்று வரும்போது பல பள்ளிகள் ஓவியத்தோடு நின்றுவிடுகின்றன. இசைக்கு இடம் குறைவு, பட்டம் முடித்தபின் காத்திருக்க நேரலாம். பெற்றோர் ஐபிஜி பக்கம் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம், அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

நம் பிள்ளைகள் உப்சியில் தடுக்கி விழும் இடம் எது? காது பிரச்சினையே இல்லை. கர்நாடக முறையில் கொஞ்சம் பாடியிருந்தால்கூட சுருதி பிசகாது. மேஜர் ஸ்கேல் பாடச் சொன்னால் அது நமக்குத் தெரிந்த சங்கராபரண ராகம்தான், மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களில் 29ஆவது. வகுப்பில் பயன்படும் டோ ரே மி முறையில் டோவை எந்தச் சுருதியிலும் வைக்கலாம். ஸட்ஜத்தை ஒரு கட்டையிலும் வைப்போம், ஐந்து கட்டையிலும் வைப்போம் என்று பழகியவருக்கு அது மிக எளிது. விழுவது இரண்டில்: ஐந்து கோட்டில் எழுதிய ஸ்டாஃப் நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, அப்புறம் பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் கார்டு (chord). கர்நாடக இசையில் கார்டு என்ற எண்ணமே கிடையாது. கீபோர்டு வாசிக்கிறவர்களுக்குக் கார்டு தெரியும், ஆனால் பலர் கேள்வி ஞானத்தில் வாசிப்பவர்கள், தாளைக் கொடுத்தால் திணறுவார்கள்.

அதனால் உப்சி என்று மனதில் இருந்தால் மூன்றாம் படிவத்திலேயே மேற்கத்திய முறையில் ஒரு வாத்தியம் தொடங்குவது நல்லது. ஏபிஆர்எஸ்எம் என்னும் பிரிட்டிஷ் இசைத் தேர்வில் எட்டு கிரேடு. ஆறாம் கிரேடு வாத்தியத் தேர்வுக்குப் போகுமுன் வழக்கமாக ஐந்தாம் கிரேடு தியரியை முடித்திருக்க வேண்டும். அந்தத் தியரி ஒன்றே நேர்முகத்தில் பாதிப் பயத்தைப் போக்கிவிடும். இங்கே ஆசிரியர் அமையாவிட்டால் ஈப்போவுக்குப் போக வேண்டும், தேர்வுக் கட்டணமும் குறைவில்லை. இந்தச் செலவைப் போட முடியாத வீட்டுக்கு ஐபிஜிதான் நியாயமான தேர்வு என்பேன்.

சுற்றுவழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்ரா பல்கலைக்கழகத்திலும் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இசை படிக்கலாம், ஆனால் இசைப் பட்டம் மட்டும் இருந்தால் ஆசிரியர் தகுதி ஆகாது, அதைத் தனியாகப் பெற வேண்டும். யுஐடிஎம் என்னும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும். கோலாலம்பூரில் யுசிஎஸ்ஐ போன்ற தனியார் இடங்களில் இசைக்கூடம் நன்றாக இருக்கும், கட்டணம் பல்லாயிரம் ரிங்கிட். இசை மையம் நடத்தவோ மேடையில் வாசிக்கவோ அது உதவும். அரசாங்கப் பள்ளிக்காக மட்டும் அந்தப் பணத்தைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். கர்நாடக இசை கற்க அருமையான இடம். ஆனால் நம் பள்ளிப் பாடத்திட்டம் ரெக்கார்டரிலும் ஸ்டாஃப் நோட்டேஷனிலும் நிற்கிறது. பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும், மேலே ஆசிரியர் தகுதியும் எடுக்க வேண்டும். கர்நாடக இசையும் வேண்டும் என்றால் பிரிக்பீல்ட்ஸ் நுண்கலைக் கோயிலில் 1981 முதல் சொல்லித் தருகிறார்கள். தஞ்சோங் மாலிமில் படித்துக்கொண்டே கொம்யூட்டர் ரயில் ஏறி வார இறுதியில் போய்வரலாம்.