ஏசி கம்ப்ரசரைக் காற்றடிக்க மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை

சாத்தான்குளம் பக்கம் தேரிக்குள் எங்களுக்கு முருங்கைத் தோட்டம் இருக்கிறது. அந்தச் செம்மணலில் வண்டி புதையாமல் போக டயர் காற்றை 15, 16 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். காய் ஏற்றித் தார்ரோட்டுக்கு வந்ததும் மறுபடி 30க்கு ஏற்ற வேண்டும். இல்லையென்றால் டயர் சூடாகி ஓரம் போய்விடும். வாரத்தில் மூன்று நாள் இதே வேலை. பேட்டரியில் மாட்டும் சின்னப் பம்பு இரண்டாவது டயருக்கே கை வைக்க முடியாத சூடாகிவிடும்.

என் பழைய ஜீப்பை முன்பு வைத்திருந்தவர் ஏசி போட்டிருந்தார். அந்தக் கம்ப்ரசரையே காற்றடிக்க மாற்றலாம் என்று கேள்விப்பட்டு, நெல்லையில் ஒரு ஏசி ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். "தாராளமா பண்ணலாம் அண்ணாச்சி. டேங்கு, வால்வு, ஆயில் செட்டிங் எல்லாம் சேர்த்து 14,500" என்றார். நம்பிக் கொடுத்தேன்.

பைப்பைக் கழற்றியதுமே உள்ளே இருந்த, ஏசியைக் குளிர வைக்கும் ஆர்134ஏ கேஸை அப்படியே வெளியே திறந்துவிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடை விடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும் கேஸ் அது. அதை இழுத்துச் சேமிக்கிற மெஷின் அதே கடையில் ஓரமாக நின்றது. அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

முதல் வாரம் காற்று பிரமாதமாக வந்தது. ஆனால் ஓஸ் முனையில் உள்ளங்கையை வைத்தால் எண்ணெய் பொட்டுப் பொட்டாக ஒட்டியது. போன் செய்து கேட்டேன். "ஆரம்பத்துல அப்படித்தான் வரும் அண்ணாச்சி, போகப் போக நின்னுரும்" என்றார். பத்து நாளில் நின்றது. உள்ளே இருந்த எண்ணெய் முழுவதும் தீர்ந்துபோனதால் நின்றிருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். இன்றைய கார் ஏசி கம்ப்ரசர்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினில் இருப்பது போலத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. கேஸோடு கலந்து எண்ணெயும் சுற்றிச் சுற்றிக் கம்ப்ரசருக்கே திரும்பி வரும். காற்றடிக்க மாற்றும்போது அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. போன எண்ணெய் போனதுதான். அதனால் உறிஞ்சும் பக்கம் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் ஆயிலர் வேண்டும், வெளியேறும் பக்கம் எண்ணெயைப் பிரிக்கும் பில்டர் வேண்டும். 1970களில் அமெரிக்க ஜீப்புகளில் வந்த யார்க் கம்ப்ரசருக்கு அடியில் சொந்த எண்ணெய்த் தொட்டி உண்டு. அதனால்தான் இந்த வேலைக்கு அங்கே அதைத் தேடிப் பிடித்தார்கள். என்னுடையது அந்த வகை இல்லை. "ஆயில் செட்டிங்" என்று காசு வாங்கியவர் ஆயிலரும் வைக்கவில்லை, பில்டரும் வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் தேரியை விட்டு வெளியே வந்து இரண்டாவது டயருக்குக் காற்று ஏற்றும்போது கிரீச்சென்று ஒரு சத்தம். பெல்ட் கருகிப் புகைந்து அறுந்தது. நல்லவேளை, அது தனி பெல்ட். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடியிருந்தால் எஞ்சினே போயிருக்கும். வண்டியில் இருநூறு கிலோ காய், மாலை சந்தைக்குப் போக வேண்டியது. வெயிலிலேயே வாடிப்போனது.

தூத்துக்குடியில் வேறொரு மெக்கானிக் கம்ப்ரசரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிஸ்டன்கள் கோடு கோடாக உரசி, வெள்ளி நிறத்தில் பொடி கொட்டியது. கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் காற்று கொதிக்கிற சூட்டில் வரும். அங்கே கம்பி பின்னிய ஓஸ் போட வேண்டும். போட்டிருந்தது வயலில் மருந்தடிக்கிற மஞ்சள் ஓஸ். கம்ப்ரசர் ஓரத்தில் அது இளகி, கோலிக்குண்டு அளவுக்கு உப்பியிருந்தது.

அதையும் விட மோசம் டேங்கு. அவர் திருப்புளியால் கறுப்புப் பெயிண்ட்டைச் சுரண்டினார். அடியில் வெளிர் நீலம். இன்னும் சுரண்டினால், மறுபடி நிரப்பக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுத்து. ஏசிக்கு கேஸ் வருகிற, ஒரு தடவைக்கு மட்டுமான சிலிண்டர்! மெல்லிய தகடு. காற்றின் ஈரம் உள்ளே தேங்கித் துருப்பிடித்தால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீரை வடிக்கக் கீழே குழாயும் இல்லை. 150 பிஎஸ்ஐயில் தானாகத் திறக்கும் சேப்டி வால்வு இருக்க வேண்டிய துளையில் ஒரு போல்ட்டை முறுக்கி, வெள்ளை டேப் சுற்றியிருந்தார்கள். என் பையன் இரண்டு வாரம் அந்த டேங்குக்கு மேலே உள்ள சீட்டில்தான் உட்கார்ந்து வந்தான்.

நெல்லைக் கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "செகண்ட் ஹேண்ட் கம்ப்ரசருக்கு கேரண்டி கிடையாது" என்கிறார். அது என் வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர். பில்லும் இல்லை, 'காற்று செட்டிங்' என்று எழுதிய துண்டுச்சீட்டுதான். ஜிபே செய்த ரசீதையும் போட்டோக்களையும் வைத்து 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

இந்த வேலை செய்ய நினைப்பவர்கள் காசு கொடுக்கும் முன் ஆயிலர், பில்டர், சேப்டி வால்வு, 90 பிஎஸ்ஐயில் ஓடி 120இல் நிற்கும் பிரஷர் ஸ்விட்ச் எல்லாவற்றையும் கையில் வாங்கிப் பாருங்கள். டேங்கு காற்றுக்கென்றே செய்தது என்பதற்கு அதில் தகடு அடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

நான் போயிருந்தபோது அதே கடையில் இதே மாதிரி கறுப்பு டேங்கு மாட்டி இரண்டு வண்டிகள் நின்றன. நெல்லைப் பக்கம் இந்த வேலை செய்து வாங்கியிருந்தால் இன்றைக்கே காற்றை முழுக்க இறக்கிவிட்டு டேங்கில் ஓரிடம் சுரண்டிப் பாருங்கள். நீலம் தெரிந்தால் கழற்றிவிடுங்கள்.