அக்டோபர் பிக்னிக்: கரியடுப்பா, கட்டுச்சோறா?

டொரான்டோவில் மேப்பிள் இலைகள் நன்றாகச் சிவப்பது அக்டோபர் நடுவில். அம்மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அந்த வார இறுதியில்தான் நண்பர்கள் எல்லோரும் கையில் சிக்குவார்கள். இந்த ஆண்டு ஸ்கார்பரோவின் மார்னிங்சைடு பூங்காவுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனோம். கரியடுப்பு மூட்டிக் கோழி சுடலாம் என்ற கட்சியும் பலமாகவே இருந்தது. கோடையாக இருந்தால் நானும் அந்தக் கட்சிதான்.

சூடு, புகை மணம், அடுப்பைச் சுற்றி அரட்டை என்று கரியடுப்பின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததே. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 25 பேருக்கு மேல் கூடினால் நகராட்சி அனுமதி எப்படியும் வாங்க வேண்டும். ஆனால் அக்டோபர் நடுவில் மாலை ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. கரி பற்றிச் சாம்பல் பூக்கவே அரை மணி நேரம். கோழியின் உட்பகுதி 74 டிகிரியை எட்டியதா என்று மங்கிய வெளிச்சத்தில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, வெப்பமானி வேண்டும். கடைசியில் கரி முழுவதும் அணைந்து ஆறும்வரை யாராவது காவல் நிற்க வேண்டும். அந்த யாராவது, அழைத்தவர்தான்.

அதற்காக எந்தக் கட்டுச்சோறும் சரிப்படும் என்று நினைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் சோறு என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும். எலுமிச்சைச் சோறு மதியத்துக்குள் விறைத்து, பருக்கை பருக்கையாகக் கரண்டியிலிருந்து உதிர்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நெய்யும் கட்டிதட்டி நாக்கில் மெழுகாக ஒட்டும். நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கெல்லாம் உறைவதில்லை. ஆகவே புளியோதரை. சோறு சூடாக இருக்கும்போதே பச்சை நல்லெண்ணெய் விட்டுப் பிசறி, புளிக்காய்ச்சலைக் கலந்து காலையிலேயே மூடி வைத்தால், உண்ணும் நேரத்தில் புளி உள்ளே இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி எண்ணெயில் தோய்த்த இட்லியும் அப்படித்தான், மெத்தென்றே இருக்கிறது. தயிர்சாதம் புளிக்காமல் இருப்பது இந்த ஊரின் வரம். ஆனாலும் குளிரில் அதைத் தொட ஆள் இல்லை.

வாழையிலையில் கட்டலாம் என்ற ஆசையைக் கைவிடுங்கள். இங்கே தமிழ்க் கடைகளில் கிடைக்கும் உறைந்த இலை, பனி விட்டதும் நார் நாராகக் கிழிகிறது.

சூடாக ஏதாவது வேண்டும் என்பது நியாயம்தான். அகல வாய் பிளாஸ்கில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கும் மிளகு ரசத்தை நிரப்பினால் மதியம்வரை ஆவி பறக்கும். காகிதக் கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் நிற்கும்போது, அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

சின்ன கேஸ் அடுப்பில் அங்கேயே தோசை வார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் வார்த்துப் பார்த்ததில்லை. காற்று விடாது என்றே தோன்றுகிறது. பதின்வயதுப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள் என்றால் என் கட்சி தோற்கும், அவர்களுக்குக் கோழிதான். அப்போதும் மதியம் பன்னிரண்டுக்கே கரியை மூட்டிவிடுங்கள், ரசத்தைத் தலைக்கு இரண்டு கோப்பை என்றே கணக்கிடுங்கள்.