இஸ்தான்புல் லேசர் கண் பாக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

லண்டனில் இருக்கும் நம்மவர்களில் சிலர் கண்ணாடியைத் தூக்கிப்போட இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறுகிறார்கள். நானும் போய்வந்தேன். இங்கே இரண்டு கண்ணுக்கும் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு அங்கே லாசிக் (லேசரால் கண்ணின் பவரைத் திருத்தும் ஆபரேஷன்), ஹோட்டல், ஏர்போர்ட் வண்டி எல்லாம் அடக்கம். காசு விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன், பேசிய தொகைக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. வினை வேறு இடத்தில் இருந்தது.

பேச்செல்லாம் வாட்ஸப்பில், ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணோடு. என் பவர் மைனஸ் 7. கண்ணாடிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் 'நீங்கள் லாசிக்குக்குத் தகுதியானவர்' என்று பதில். லேசர் செதுக்கும் கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலம், எவ்வளவு தடிமன் என்று பார்க்காமல் இதை எந்த டாக்டரும் சொல்ல முடியாது. காண்டாக்ட் லென்ஸை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டால், முந்தின நாள் கழற்றினால் போதுமாம்! சாஃப்ட் லென்ஸுக்கே ஒன்றிரண்டு வாரம் இடைவெளி வேண்டும். லென்ஸ் போட்டுப் போட்டு மாறிய கார்னியா பழைய வடிவுக்கு வராவிட்டால் எடுக்கும் அளவே தப்பாகிவிடும். நல்லவேளை, நான் முன்பே நிறுத்தியிருந்தேன்.

ஷிஷ்லி பகுதியில் பளபளவென்று ஒரு கட்டடம். காலையில் ஸ்கேன், பாவையை விரிய வைக்கும் சொட்டு மருந்து. அப்புறம் டெக்னீஷியன் வந்து, "உங்களுக்கு லாசிக் இல்லை, பிஆர்கே" என்றார். என் கார்னியா 485 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லாசிக்கில் வெட்டித் திறக்கும் மேல்மூடி 110 மைக்ரான் வாக்கில் போகும். ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் செதுக்கினால் 7 பவருக்கு 105. மிச்சம் 270. 250-க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய கணக்கு, 300 இருந்தால்தான் கை வைப்பேன் என்கிற சர்ஜன்களும் உண்டு. ஆக, பிஆர்கே என்ற முடிவில் தப்பில்லை. அதை நான் ஊரில் இருந்தபோதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். பிஆர்கேயில் கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவார்கள். தோல் வளர நாலைந்து நாள் ஆகும், அதுவரை வலி, கண்மேல் பேண்டேஜ் லென்ஸ் (புண்ணை மூடிக் காக்கும் காண்டாக்ட் லென்ஸ்). எனக்கோ லாசிக் என்று நம்பி, அதற்கு முன்பே கிளம்பும்படி போட்ட ரிட்டர்ன் டிக்கெட். "பிரச்சினையே இல்லை சார், உங்கள் ஊர் ஆப்டீஷியன் லென்ஸை எடுத்துவிடுவார்" என்றார்கள்.

ஒப்புதல் படிவம் வந்தது சொட்டு மருந்து விட்ட பிறகு. கண்ணாடியைக் கழற்றித் தாளை மூக்கருகே பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. தெரிந்து என்ன, பாதி துருக்கியில். சர்ஜனை முதன்முதலாகப் பார்த்தது மேஜையில் படுத்த பிறகு, அதுவும் மாஸ்க்கோடு. பிரிட்டனில் கண் மருத்துவர்களின் ராயல் காலேஜ் நெறிப்படி, ஆபரேஷன் செய்பவரே முன்கூட்டிப் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும், யோசிக்க ஒரு வாரமாவது தர வேண்டும்.

ஹோட்டல் அறையில் பட்டதை விடுங்கள். லண்டன் வந்து ஆப்டீஷியனிடம் போனால், "யார் செய்தார்? டிஸ்சார்ஜ் லெட்டர் எங்கே?" என்று கேட்டுவிட்டு லென்ஸைத் தொட மறுத்தார். என்னிடம் இருந்தது ஒரு ரசீதும், 'வெள்ளை மூடி நாலு வேளை, பிங்க் மூடி ஆறு வேளை' என்ற வாட்ஸப் மெசேஜும்தான். கடைசியில் கண் அவசரப் பிரிவில் காத்திருந்து எடுத்துக்கொண்டேன். பிங்க் மூடி ஸ்டீராய்டு என்பதே அங்கேதான் தெரிந்தது. அதை வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், இடையிடையே அளந்து பார்க்க வேண்டும். இஸ்தான்புல்லில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது இடது கண்ணில் மைனஸ் 1 பாக்கி, இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம். இஸ்தான்புல்காரர்கள் இலவசமாகத் திருத்தித் தருகிறார்களாம், டிக்கெட் மட்டும் என் செலவு. இப்படி மிச்சமிருக்கும் பவருக்கு இங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் லேசர் செய்யாது. நான் விசாரித்த தனியார் டாக்டர், ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன் இல்லாமல் தொட மாட்டேன் என்கிறார். அந்த ஸ்கேனை இஸ்தான்புல் வாட்ஸப் நம்பரில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரம் அதே நம்பரிலிருந்து மெசேஜ் வந்ததே என்று ஆசையாகத் திறந்தால், முடி நடுவதற்குத் தள்ளுபடி!

போகத்தான் போகிறேன் என்பவர்கள் முதலில் இங்கேயே ஒரு கார்னியா ஸ்கேன் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்ஜனின் பெயரைக் கேட்டு அவரோடு வீடியோவில் பேசுங்கள். துருக்கியில் வெளிநாட்டு நோயாளிகளைச் சேர்க்க சுகாதார அமைச்சகத்தின் சுகாதாரச் சுற்றுலா அங்கீகாரச் சான்று வேண்டும், அதையும் காட்டச் சொல்லுங்கள். டிக்கெட்டை மாற்றக்கூடியதாகப் போடுங்கள். பணத்தை ரொக்கமாக யூரோவில் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் கிரெடிட் கார்டில் கட்டினால் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான சேவைக்கு, அது வெளிநாட்டில் என்றாலும், நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75-இன் கீழ் கார்டு கம்பெனியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. இடையில் ஏஜென்ட் ஒருவர் பணம் வாங்கினால் அந்த வழியும் அடைபடலாம், அதனால் ரசீது யார் பெயரில் வருகிறது என்று கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.